விடைத்தாளின் தலையில் ஒரு சுழி

உ
கோமதி துணை

சங்கரன்கோவில்
18.2.1952

அன்புள்ள அத்தானுக்கு மீனா எழுதுவது.

நானும் பாப்பாவும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அந்த வறட்டு இருமல் நின்றதா? சுக்குத் தட்டிப் போட்டுக் குடிக்கிறீர்களா, இல்லை ஓட்டல் காப்பிதானா?

இனிக் கோபத்தை எழுதுகிறேன். நேற்று தாலுகா ஆபீஸ் சங்கரபாண்டியன் அண்ணாச்சி கெஜட்டைக் கையோடு கொண்டுவந்தார். சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறியவர்கள் லிஸ்ட் அதில் இருந்தது. அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே மூன்று தடவை பார்த்தார். "1143 இருக்கு, 1151 இருக்கு. நடுவுல நம்ம ஆளைக் காணோம்" என்றார். தம்பி நெல்லைநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தான்.

அப்பா சாப்பிடவில்லை. "மாப்பிள்ளை அந்த கமிஷன் ஆபீசுலயே உக்காந்திருக்காரு. ஒரு வார்த்தை சொல்லதுக்கு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தாரு? எனக்குக் கச்சேரியில குமாஸ்தா வேலை கெடைச்சது எப்படி? சிவகிரிப் பெரியவர் ஒரு துண்டுக் காயிதத்துல நாலு வரி எழுதினாரு. மறுநாளே நாற்காலி!" என்று சத்தம் போட்டார். உங்கள் மேலதிகாரிக்குக் கொடுக்கச் சொல்லி அவர் அனுப்பிய புளியங்குடி எலுமிச்சங்காய்க் கூடையை நீங்கள் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கூடை இன்னும் அவர் மனத்தை விட்டு இறங்கவில்லை.

தம்பிக்கு இருபத்துநாலு முடிகிறது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம், அப்புறம் வயசு தாண்டிவிடும். பங்குனியில் அப்பா என்னையும் பாப்பாவையும் மெட்ராசுக்கு அனுப்புவதாக இருந்தார் அல்லவா? இப்போது, "மாப்பிள்ளை வந்து பதில் சொல்லட்டும், பெறவு அனுப்புதேன்" என்கிறார்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தம்பியின் பேப்பர் உங்கள் கண்ணில் படவே இல்லையா? பட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்குமே. எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்க வேண்டாம்.

மீனா


திருவல்லிக்கேணி
23.2.1952

அன்புள்ள மீனா,

இருமல் நின்றுவிட்டது. காப்பி நிற்கவில்லை.

மாமாவின் கோபம் எனக்குப் புரிகிறது. பெற்றவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறாரே, அந்த வார்த்தையை யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் நமக்குப் பேச வேறு விஷயங்கள் இருந்தன.

விடைத்தாள் கட்டுகள் ஜில்லா ஜில்லாவாக வரும். தாளின் ஓரத்தில் பரீட்சை நம்பர் எழுதிய ஒரு துண்டு இருக்கும். அதைக் கிழித்து எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, தாளில் வேறு ஒரு ரகசிய நம்பரைப் போட வேண்டும். திருத்துகிறவருக்கு எழுதியவன் யார், எந்த ஊர் என்று தெரியாது. மந்திரி வந்து கேட்டாலும் சொல்ல ஆள் இல்லை. போன வருஷத்திலிருந்து அந்தத் துண்டைக் கிழிக்கிற வேலைதான் எனக்கு. உன் புருஷன் இத்தனை நாளாக மெட்ராசில் காகிதம் கிழித்துக்கொண்டிருந்தான், போதுமா?

சிரிப்பை விடு. என் அப்பா சிவகிரியில் ஜவுளிக்கடையில் துணி மடித்துப் போட்டவர். எங்களுக்கு எழுதிக் கொடுக்க எந்தப் பெரியவரும் இல்லை. கமிஷன் எனக்கு ஒரு நம்பர் கொடுத்தது. அந்த நம்பருக்கு மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது. அதனால்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலி இருந்ததால்தான் மாமா எனக்கு உன்னைக் கொடுத்தார்.

எலுமிச்சங்காயைத் திருப்பி அனுப்பியது நான்தான். அழுகின காய் இரண்டையும்கூடப் பொறுக்கி எடுக்காமல் அப்படியே அனுப்பினேன்.

நீ கடைசியில் கேட்டதற்கு இப்போது பதில் எழுத முடியாது. நான் அந்த அறையில் இப்போது இல்லை, வேறு அறைக்கு வந்துவிட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

பாப்பாவை முப்பது நாள் பிள்ளையாகப் பார்த்தது. புருவம் என் புருவம் மாதிரி என்று அத்தை சொன்னார்கள். அது அப்படியே இருக்கிறதா? என் இடது புருவத்துத் தழும்பைத் தவிர மற்றது எல்லாம் அவளுக்கு வரட்டும்.

சிவராமலிங்கம்


உ
கோமதி துணை

சங்கரன்கோவில்
9.3.1952

அத்தான்,

அப்பா கமிஷனுக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்துவிட்டது. ஒரே வரி. விடைத்தாளில் அடையாளக் குறி காணப்பட்டதால் அது செல்லாது என்று இருக்கிறது.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்து வாசித்துவிட்டு, "இதைத் திருத்துதவன் பாக்க மாட்டான். துண்டைக் கிழிக்கிற எடத்துலயே பிடிச்சிருவான்" என்றார். நீங்கள் எழுதிய வேலை அதுதானே? நான் அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்துவிட்டார். "அப்பம் மாப்பிள்ளையே கையைப் பிடிச்சுத் தள்ளிவிட்டுட்டாரா?" என்று கேட்டார். அப்புறம் வாய் திறக்கவே இல்லை. அவர் கத்தினால் எனக்குப் பயம் இல்லை. இப்படி இருந்தால்தான் பயமாக இருக்கிறது.

தம்பியை எல்லாரும் கேட்டார்கள். என்னலே குறி போட்டே, எதுக்குப் போட்டே என்று. "தெரியாமப் போட்டுட்டேன்" என்பதற்கு மேல் அவன் ஒரு சொல் சொல்லவில்லை.

நீங்களா அத்தான்? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. என் தோளைக் கடிக்கிறாள்.

மீனா


திருவல்லிக்கேணி
15.3.1952

மீனா,

ஆமாம்.

இதை உன்னிடம் சொல்லாமல் மூன்று மாதம் இருந்தேன். லிஸ்ட் வெளியான பிறகு வீட்டில் சொல்லலாமா என்று சூப்பரிண்டெண்ட் முகம்மது ஹுசைன் சாகிபிடம் கேட்டிருந்தேன். நேற்றுத்தான் சரி என்றார். முழுவதும் எழுதுகிறேன்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பாளையங்கோட்டைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளைப் புரட்டினால் தலையில் உன் சுழி. வாலை வலது பக்கம் நீளமாக இழுத்து, அதன் கீழே கோமதி துணை. மீனா, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உன் கடிதம் வந்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அப்புறம்தான் கீழே இருந்த எழுத்தைப் பார்த்தேன். அது நெல்லையின் எழுத்து.

தாளில் பெயரோ, குறியோ, சாமி அடையாளமோ எதுவும் போடக்கூடாது என்பது விதி. பரீட்சைக்கு வருகிற எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுப்பதுதான். முந்தின பரீட்சையில் ஒரு தாளில் சின்னதாகச் சிலுவை போட்டிருந்தது. இன்னொன்றில் 786. இரண்டையும் ஒதுக்கி வைத்தது இந்தக் கைதான். யாருடைய பிள்ளைகளோ, யார் வீட்டில் சாப்பிடாமல் இருந்தார்களோ, நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மை பாட்டில் பக்கத்தில் இருந்தது. ஒரு சொட்டு விழுந்தால் சுழி கறையாகிவிடும், யாருக்கும் தெரியாது. பாட்டில் மூடியைத் திருகித் திறந்தும்விட்டேன். நான் நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்காகவே இதை எழுதுகிறேன். அந்தச் சிலுவை போட்ட பிள்ளைக்கு மை ஊற்ற ஒரு அத்தான் இல்லையே என்று தோன்றியது. மறுபடி திருகி மூடிவிட்டேன்.

தாளை எடுத்துக்கொண்டு சாகிபிடம் போனேன். "இது என் மைத்துனன் எழுதியது, குறி இருக்கிறது, இனி நான் இந்த அறையில் இருப்பது சரியில்லை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது உங்கள் கண்ணில் படட்டும் என்று போட்டதா?" என்று கேட்டார். "அப்படித்தான் தோன்றுகிறது" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். சிபாரிசு தேடினான் என்று அவனை இனிப் பரீட்சையே எழுதவிடாமல் செய்திருக்கலாம். கமிஷன் அப்படிச் செய்யவில்லை. அந்தத் தாள் மட்டும் செல்லாது, அவன் மறுபடி எழுதலாம் என்று முடிவு செய்தார்கள். எனக்கு அன்றைக்கே ஃபாரம் கட்டுகிற அறைக்கு மாற்றல்.

நெல்லைக்குச் சுழி போடும் பழக்கமே கிடையாது. சாமியே இல்லை என்று மாமாவோடு சண்டை போடுகிறவன். எனக்காகப் போட்டது என்று எழுதிக் கொடுத்தபோது, யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதற்கு நீ என்ன சொல்வாயோ.

சிவராமலிங்கம்


உ
கோமதி துணை

சங்கரன்கோவில்
20.4.1952

அன்புள்ள அத்தான்,

உங்கள் மூன்று கார்டும் வந்தன. பதில் போடாதது கோபத்தால் இல்லை. எழுத உட்காருவேன். சுழி போடுவேன். அதற்கு மேல் கை ஓடாது. அந்தச் சுழியைப் பார்த்தாலே அழுகையாக வரும். நாலு தாளைக் கிழித்துவிட்டேன். கிழிக்கிற வேலை எனக்கும் வந்துவிட்டது.

நான்தான் அத்தான்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் தம்பி பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தான். பாப்பா என் மடியில். "எலே, பேப்பரைக் கையில வாங்கினதும் என் சுழியைப் போடு. என்னை மாதிரியே வாலை இழுத்துவிடு. அத்தான் கண்ணுல பட்டா நம்ம பிள்ளைன்னு தெரிஞ்சுக்கிடுவாவ" என்றேன். "எக்கா, நான் சாமியே இல்லங்கேன், நீ சுழி போடச் சொல்லுத" என்று சிரித்தான். நான் பாப்பாவின் கையைப் பிடித்து அவன் கையில் வைத்து, "இவ மேல ஆணை" என்றேன். அவன் சிரிப்பு போய்விட்டது. "சரிக்கா" என்றான்.

மார்க்கைக் கூட்டிப் போடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பேப்பரை மட்டும் தொலைந்துபோகாமல், மடங்காமல், பத்திரமாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். இல்லை, அது பொய். கூட்டிப் போடுவீர்கள் என்றும் கொஞ்சம் நினைத்தேன்.

இத்தனை நாளும் எல்லார் பேச்சையும் அவன் வாங்கிக்கொண்டான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இன்று காலையில் அப்பா மறுபடியும் ஆரம்பித்தார். "கூறுகெட்ட பய, சாமி இல்லம்பான், பேப்பருல மட்டும் சுழி போடுவான்" என்று. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று, "அப்பா, அவன் போடல, நான் போட வச்சேன்" என்றேன். நீங்கள் எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். மை பாட்டில் வரைக்கும்.

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நான் எலுமிச்சங்காய் அனுப்பினேன், நீ சுழி அனுப்பியிருக்கே. யாரை யாரு வைய?" என்றார். தம்பிதான், "எக்கா, அத்தான் செஞ்சதுதான் சரி. மை ஊத்தியிருந்தாவன்னா நாளைக்கு நான் நாற்காலியில உக்காரும்போதெல்லாம் அந்தக் கறை மேலதான் உக்காரணும்" என்றான். அவன் இப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது.

அப்பா இப்போது, "மாப்பிள்ளைகிட்ட போயிரு மக்கா" என்கிறார். நான்தான் போகவில்லை. எனக்கு உங்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது. ஆடி மாதப் பரீட்சையை அவன் எழுதட்டும். அவன் நம்பர் தானாக வரட்டும். நான் உடைத்தது ஒட்டிய பிறகு வருகிறேன். அதுவரை நீங்களும் இங்கே வர வேண்டாம். நீங்கள் ஒரு நாள் வந்து தங்கிப் போனால்கூட, மாப்பிள்ளை வந்து கேள்வியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று ஊர் பேசும். இனி யாரும் அவனை அப்படிப் பேசக்கூடாது.

சுழி உங்களுக்காகப் போட்டது என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததற்கு நான் என்ன சொல்வேன் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வலித்தது. நாலு நாள் ரொம்பவே வலித்தது. இப்போது, என்னைப் பற்றிக்கூடப் பொய் எழுதாதவர் எனக்குப் புருஷன் என்று இருக்கிறது.

மீனா


திருவல்லிக்கேணி
27.4.1952

என் மீனா,

உன் கடிதத்தை ஆபீசில் வாசித்துவிட்டேன். சாகிப் எதிரில் நின்று, "ஊரில் எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். சௌக்கியம் என்று கடிதத்தை மடித்தேன். அவர் போய்விட்டார்.

வெட்கப்பட ஒன்றும் இல்லை, வா. உனக்குக் கோபம், எனக்குக் காகிதக் கட்டு என்று ஆறு மாதம் போய்விட்டது. லிஸ்டையும் நம் வீட்டையும் ஒரே முடிச்சாகப் போடாதே. அவன் தேறாவிட்டால் என்ன செய்வாய்? கோமதி அம்மனாவது ஒற்றைக்கால் தவத்தை ஆடித்தபசோடு முடித்துக்கொள்கிறாள். நீ லிஸ்ட் வரும்வரை ஒற்றைக்காலில் நிற்கிறேன் என்கிறாய்.

ஆனால் நான் அங்கே வரக்கூடாது என்று எழுதினாயே, அது நியாயம். நூறு தடவை யோசித்தும் அதற்கு எதிராக ஒரு சமாதானம் கிடைக்கவில்லை. அவன் இருக்கிற வீட்டுக்குப் பரீட்சை முடியும் முன் நான் வருவது சரியில்லை. மெட்ராசுக்கு வா என்றுதான் கெஞ்ச முடியும். கெஞ்சுகிறேன்.

இதோடு பரீட்சை விதிகள் அச்சடித்த தாளை வைத்திருக்கிறேன். தாலுகா ஆபீசில் யார் கேட்டாலும் கொடுப்பதுதான். இதை அனுப்புவது சிபாரிசு ஆகுமா என்று சாகிபிடம் கேட்டேன். "இதை வாசிக்கிறவர்கள் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்" என்றார். பதினோராவது விதியை நெல்லையும் வாசிக்கட்டும், நீயும் வாசி. கோடு போடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குறி ஆகிவிடும்.

ஃபாரம் அறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லா ஜில்லாவுக்கும் கட்டு கட்டி அனுப்புகிறேன். சங்கரன்கோவில் தாலுகாக் கட்டுக்கு மட்டும் ஒரு முடிச்சு அதிகமாகப் போடுகிறேன். அது எந்த விதியிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

உன்னுடைய
சிவராமலிங்கம்


உ
கோமதி துணை

சங்கரன்கோவில்
10.8.1952

அன்புள்ள அத்தான்,

பரீட்சை முடிந்தது. பேப்பர் கையில் வந்ததும் தன்னை அறியாமல் பேனா மேலே போனதாம். "நாத்திகனுக்கு வந்த கஷ்டத்தைப் பாத்தியா எக்கா" என்கிறான். வெறும் தலையோடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

ஆடித்தபசுக்கு ஊர் கொள்ளாத கூட்டம். அப்பா பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தபசுக் காட்சி பார்க்க வந்தார். சுவாமி வந்து காட்சி கொடுத்தபோது எல்லாரும் விளைந்த பருத்தியையும் வத்தலையும் காணிக்கையாக வீசி எறிந்தார்கள். ஒரு வத்தல் பாப்பா மேல் விழுந்து ஒரே அழுகை. நான் சாமியிடம் தம்பிக்காக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் சிபாரிசுதானே? எனக்காக மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டேன். என்ன என்று எழுத மாட்டேன்.

பரீட்சைதான் முடிந்துவிட்டதே, வரலாமா என்று உங்கள் கார்டில் கேட்டிருக்கிறீர்கள். லிஸ்ட் வரும்வரை வேண்டாம் அத்தான். இவ்வளவு நாள் பொறுத்தாயிற்று. நீங்கள் வந்து நின்றால் நான் பொறுக்க மாட்டேன், பெட்டியைக் கட்டிவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன்.

கோவில் புற்றுமண் பிரசாதம் கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன். நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள்.

மீனா


திருவல்லிக்கேணி
16.8.1952

மீனா,

புற்றுமண் வந்தது. இட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். விடைத்தாளுக்குத்தான் விதி, நெற்றிக்கு இல்லை.

ஒன்று சொல்கிறேன், இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். லிஸ்டில் அவன் நம்பர் இல்லாவிட்டாலும் நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

சிவராமலிங்கம்


30.10.1952

இந்தக் கடிதத்தின் தலையில் ஒன்றும் போடவில்லை. ஊர் எழுதவில்லை. கீழே பெயரும் எழுதப்போவதில்லை. யாருடையது என்று தெரிகிறதா, பாருங்கள்.

நம்பர் வந்துவிட்டது. சங்கரபாண்டியன் அண்ணாச்சி தெருமுனையிலிருந்தே கெஜட்டை ஆட்டிக்கொண்டு வந்தார். 872. நான் விரலை வைத்துப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் யார் யார் நம்பரோ, நடுவில் நம் வீட்டு நம்பர். நாம் யாரும் அதை அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை. அழுதுவிட்டேன். இதை எழுதும்போதும் அழுகிறேன். இங்கே ஒரு இடத்தில் மை கலைந்திருக்கும், அது குறி இல்லை.

அப்பாவைப் பார்க்க வேண்டுமே! ஒரு காலத்தில் சிவகிரிப் பெரியவரின் நாலு வரியைப் பெருமையாகச் சொன்னவர், இப்போது வழியில் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "யாரும் ஒரு வார்த்தை சொல்லல வே, பய தானா வாங்கினான்!" என்கிறார். மாலையில் என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளைக்கு ஒரு கூடை எலுமிச்சங்காய் கொண்டுபோறியா மக்கா? மேலதிகாரிக்கு இல்ல, ஊறுகாய்க்கு" என்றார். கொண்டுவருகிறேன். இதையும் திருப்பி அனுப்பினீர்களானால் கூடையோடு நானும் திரும்பிவிடுவேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் எழும்பூர் வருகிற மெயிலில் தம்பி எங்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான். அந்த அச்சடித்த தாளை நான் இத்தனை மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆகையால் எந்தப் பெட்டி, என்ன சேலை என்றெல்லாம் எழுத மாட்டேன். அடையாளம் இல்லாமலே கண்டுபிடியுங்கள்.

பாப்பாவுக்கு மட்டும் அந்த விதி கிடையாது. உங்களைப் பார்த்தபோது அவளுக்கு முப்பது நாள். இப்போது நடக்கிறாள், அடையாளம் சொல்லாவிட்டால் உங்களிடம் வரமாட்டாள். அதனால் தினமும் அவள் விரலைப் பிடித்து என் இடது புருவத்தில் வைத்து, அப்பாவுக்கு இந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் தூக்கச் சொல்லி, இடது புருவத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிக்கொள்கிறாள்.

முன்னால் வந்து நில்லுங்கள்.